எண்ணெய்ச்சட்டியும் வயலின் பெட்டியும்

காய்ந்த நல்லெண்ணெயில் உளுந்து வடை இறங்கும்போது எழுகிற அந்தச் 'சொய்ங்' சத்தத்தில்தான் நான் முதன்முதலாகத் தனியாகச் சுருதி சேர்த்தேன். கச்சேரி வாசிக்கிறவளுக்குச் சாவையும் சாப்பாட்டையும் பற்றி என்ன ஓயாத எழுத்து என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: நான் தென்காசித் 'தவசுப்பிள்ளை' மகள்.

எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரருக்கு அதுதான் பெயர். அப்பா கை அவியலுக்காகவே முகூர்த்தத்தைத் தள்ளி வைத்த வீடுகள் வீரகேரளம்புதூரில் உண்டு, நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்டவர் எங்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் உப்புப் போட மாட்டார். அவர் இறக்கி வைத்ததும் அம்மா ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தானே போடுவாள். சாயங்காலம் என் வயலினுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பதும் அவள்தான்.

எனக்குப் பதினொரு வயதில், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஆனி மாதத்தில், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். சாவு விழுந்த 'துட்டி' வீட்டில் பதினாறாம் நாள்வரை எண்ணெய்ச்சட்டி ஏற்றக் கூடாது என்பதால் சொந்தக்காரர்கள் சோறு கொண்டு வந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, வயலின் பெட்டியையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாத்தியம் தொட ஒரு வருஷம் ஆகணுமாம். அம்மா கடைசியாகச் சேர்த்த சுருதி அதற்குள் இருந்தது; ஈரக்காற்றில் தந்தி இறங்கிவிட்டால் அதுவும் போய்விடும்.

பதினாறாம் நாள், அம்மாவுக்குத் தானேதான் சமைப்பதாக அப்பா ஒற்றைக்காலில் நின்றார். முதல் பந்தியில் அவியலை வாயில் வைத்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினார்கள். பழக்க தோஷத்தில் அப்பா உப்பை அம்மாவுக்கு விட்டுவிட்டார். துட்டி வீட்டில் யார் சொல்வது? நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "அப்பா, உப்பில்ல."

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். கரண்டியோடு வந்த அப்பா என் இலையிலிருந்து ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதார். பதினாறு நாளில் அன்றைக்குத்தான் அழுதார். பிறகு அத்தையிடம் கையை நீட்டினார்.

"அடுப்புக்குப் பதினாறு நாள், பிள்ளைக்கு மட்டும் ஒரு வருசமாக்கா? சட்டி ஏறியாச்சு. பெட்டிய எடு."

முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள். பெட்டியைத் திறந்தால் நாலு தந்தியும் தொய்ந்து கிடந்தன. நான் தேம்பித் தேம்பி அழுதேன். சங்கீதத்தில் அட்சரம் தெரியாத அப்பா பக்கத்தில் குந்தினார்.

"உப்பில்லன்னு ஊருக்கு முன்னால சொன்னேல்லா, அந்த நாக்கு அவ குடுத்தது. காதும் அவ குடுத்ததுதாம்ட்டி. தந்திய முறுக்கு."

அடுத்த பந்திக்கு வடை வெந்துகொண்டிருக்க, நான் முறுக்கினேன். சேர்ந்தது.

அந்த விறகடுப்பு இன்று இல்லை, பீரோவையும் கரையான் தின்றுவிட்டது. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். அவருடைய பதினாறாம் நாள் அவியலை நானே செய்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பும் போட்டேன். முதல் வடை எண்ணெயில் இறங்கியதும், எண்பதைத் தாண்டிய அத்தை நாற்காலியில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"சட்டி ஏறியாச்சுல்லா, இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்க? பெட்டிய எடுட்டி."