புகை படிந்த ஆண்டின் ஒயின்

மொண்டேகு ஆற்றங்கரையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் எர்மேலிந்தாவின் நாக்கை ஏமாற்றப் போர்ச்சுகலிலேயே ஆள் கிடையாது. ஒயினை விழுங்கியதும் வாய் திறக்க மாட்டாள். ஒரு உருளைக்கிழங்கை நிதானமாகத் தோலுரித்து முடித்த பிறகுதான் தீர்ப்புச் சொல்வாள்.

போன கோடையில் எங்கள் மலைக்காடு எரிந்து, பன்னிரண்டு நாள் புகை திராட்சைத் தோட்டங்களின் மேலேயே கிடந்தது. இந்த வசந்தத்தில் தோட்டக்காரர் அபிலியோ அந்த அறுவடையின் சிவப்பு ஒயினை அவளிடம் விற்க வந்தார். தபால் கொடுக்கப் போன நானும் ஒரு வாய் குடித்தேன். செர்ரிப் பழம்போல் இறங்கியது. கிழங்கை உரித்து முடித்த எர்மேலிந்தாவோ முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, அடுப்புச் சாம்பலை நக்குன மாதிரி இருக்கு."

"உன் அடுப்புப் புகைதான் உன் மூக்குல ஏறியிருக்கு. என் ஒயின்ல ஒரு குறையும் இல்ல!"

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே!"

எர்மேலிந்தா கொஞ்சம் யோசித்தாள்.

"குடிக்கிறவங்களுக்கு இதை ஊத்த மாட்டேன். ஆட்டுக்கறிக்கு ஒரு பீப்பாய் எடுத்துக்கறேன்."

கிழட்டு ஆட்டை ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் சிவப்பு ஒயினிலேயே, கறுப்பு மண்சட்டியில், விறகடுப்பில் வேகவைப்பது எங்கள் வழக்கம்.

"என் ஒயின் ஆட்டுக்கா?" அபிலியோவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனாலும் பீப்பாயை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே சாப்பிட வந்து, சட்டியை ரொட்டியால் துடைத்துத் தின்றார்.

"இப்படி ஒரு கறிய நான் தின்னதே இல்லம்மா."

"குடிக்கவும் உங்க ஒயினையே ஊத்தட்டுமாண்ணே?"

அபிலியோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தீப்பிடிச்சதுக்கு முந்தின வருஷத்துது ஏதாச்சும் இருக்கா?"