சித்தப்பா கொசுறை ஒழித்த கதை

எங்கள் கடையில் திருட்டு நடந்தது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் சண்டைக்குத் தயார். சித்தப்பா சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் இலை போடுவதற்கு முன்னால் ஆரம்பித்து, பாயசம் வருவதற்குள் முடித்துவிடுவார். அவர் கதையில் நான் விவரம் தெரியாமல் உளறிய சின்னப் பெண். விவரம் தெரியாதவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உளறவில்லை. அதனால் இதை நானே எழுதிவிடுகிறேன்.

வில்லியனூரில் தேரோடும் வீதியில் எங்கள் மளிகைக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் சந்துவரை வீடு, நடுவே ஒரு வாசல், அதில் ஒரு துணித்திரை. அப்பா கல்லாவில் இருப்பார். அம்மா திரைக்கு அந்தப் பக்கம். வீட்டுப் பெண்கள் கடைப்பக்கம் காலெடுத்து வைப்பதில்லை. நான் மட்டும் விதிவிலக்கு. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், பிரெஞ்சுப் பாட்டு இரண்டு ஒப்பிப்பேன், அந்தத் திமிரில் எங்கும் நுழைவேன்.

அந்தக் கடையில் சாமான் வாங்கி முடித்ததும் யாரும் கிளம்பிவிட மாட்டார்கள். கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "கொசுறு?" என்பார்கள். சிலர் கேட்பதும் இல்லை, நின்றாலே போதும். பருப்பு வாங்கியவளுக்கு இரண்டு மிளகாய், புளி வாங்கியவளுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இடுப்பில் குழந்தை இருந்தால் அதன் வாயில் ஒரு துண்டு வெல்லம். அப்பா பார்க்காமலே கை போட்டு எடுத்துக் கொடுப்பார். மும்முரமான நேரத்தில் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

சைகோனிலிருந்து சித்தப்பா திரும்பி வந்தது இந்தக் கடைக்குத்தான். அங்கே பெரிய கடை ஒன்றில் வேலை பார்த்தவர். தொப்பி, பூட்ஸ், ஆளுயரக் கண்ணாடி, சேவல் உருவம் போட்ட ஒரு ரப்பர் முத்திரை, இவற்றோடு வந்திறங்கினார். கடை வாசலில் நின்று ஒரு சந்தை நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, இது கடையா, சத்திரமா? பட்டப்பகல்ல திருடுறாங்க, நீ பாத்துக்கினே ஒக்காந்துகினு இருக்க!"

"கொசுறுப்பா அது."

"சைகோன்ல போயி ஒருத்தி இப்பிடிக் கைய வுட்டு எடுத்துப் பாக்கட்டும். கைக்கு வெலங்குதான்!"

அப்பாவுக்குத் தம்பியோடு வாதாடத் தெரியாது. "செய்யி" என்றார். ஒரே வாரத்தில் கடை மாறியது. சரக்குக்கு முன்னால் கம்பி வலை வந்தது. கண்ணாடி உத்தரத்திலிருந்து சாய்த்துத் தொங்கவிடப்பட்டது, அதன் கீழே இருந்து பார்த்தால் கடையின் எல்லா மூலையும் தெரியும். வெல்லக் கூடையை எங்கே வைப்பது என்பதில் மட்டும் அப்பா வாய் திறந்தார். "உள்வாசல் பக்கத்துல இருக்கட்டும், அங்கதான் எறும்பு வராது" என்றார். சித்தப்பா அதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

கொசுறு ஒழிந்தது. அதற்குப் பதில் சீட்டு. ஒரு தடவை சாமான் வாங்கினால் சேவல் முத்திரை குத்திய ஒரு சீட்டு. பத்துச் சேர்ந்தால் ஒரு வாசனைச் சோப்பு.

எனக்கும் உத்தியோகம் கிடைத்தது. பள்ளி விட்டதும் கண்ணாடிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து காவல் பார்க்க வேண்டும். சைகோன் கடைகளில் அந்த வேலைக்கு 'சுர்வெயான்' என்று பெயராம். அந்தப் பெயருக்காகவே சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். "வெளியே இருந்து வர்ற கையப் பாரு, கண்ணு. கையத்தான் பாக்கணும், மூஞ்சியப் பாக்கக் கூடாது" என்று சித்தப்பா பாடம் சொன்னார்.

கைகள் வரவில்லை, முகங்கள்தான் வந்தன. மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்து, அண்ணாந்து பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

சீட்டு விஷயத்தில் ஜனங்கள் சித்தப்பாவைவிட வேகமாக இருந்தார்கள். மங்கலத்திலிருந்து வரும் ஓர் அக்கா, கரும்பு வெட்டுகிறவள், முதலில் உப்பு வாங்கினாள். சீட்டு வாங்கினாள். படியிறங்கினாள். மறுபடி ஏறி மிளகு வாங்கினாள். மறுபடி இறங்கி ஏறிச் சீரகம்.

"இன்னா வெளையாட்டு இது?" என்றார் சித்தப்பா.

"நீதான தம்பி சொன்ன, ஒரு தபா வாங்குனா ஒரு சீட்டுன்னு? நான் மூணு தபா வாங்கிக்கிறேன். காலு நோவறது எனுக்கு, ஒனுக்கு இன்னா?"

கடையே சிரித்தது. மறுநாள் அவள் தன் மூன்று பிள்ளைகளையும் ஆளுக்கு ஒரு காசோடு வரிசையில் நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு புத்திசாலி முள்ளங்கியில் சேவலைச் செதுக்கிச் சீட்டு அடித்துவிட்டான். அதைக் கண்டுபிடித்தவள் நான்தான்! எங்கள் சேவல் வலப்பக்கம் பார்க்கும், அவன் சேவல் இடப்பக்கம் பார்த்தது. சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனாலும் கடையில் கூட்டம் பெருகியது. பக்கத்துக் கடைக்காரர் ஈ ஓட்டினார். "பாத்தியாண்ணே, சீட்டோட மகிமைய!" என்று சித்தப்பா மீசையைத் தடவினார். ஒன்றே ஒன்றுதான் அவரை அரித்தது. வெல்லக் கூடை. காலையில் விளிம்புவரை அடுக்கிய அச்சு வெல்லம், விற்றதற்கு மேலேயே குறைந்துகொண்டிருந்தது. அவர் சந்தேகம் முழுக்க மங்கலத்தக்கா மேல் விழுந்தது. மூன்று தடவை ஏறி இறங்குகிறவள் எதையும் செய்வாள் என்பது அவர் கணக்கு.

ஒரு சந்தை நாள். அக்கா புளியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள், எண்ணெய்ப் புட்டியை மறந்து வைத்துவிட்டாளாம். புட்டியை எடுக்கக் குனிந்தபோது அவள் மடி புடைத்திருந்ததைச் சித்தப்பா பார்த்துவிட்டார். படியில் குறுக்கே போய் நின்றார்.

"மடிய அவுத்துக் காட்டு."

"எதுக்கு?"

"வெல்லம் வாங்கலியே நீ? உள்ள இன்னா இருக்குது?"

"என் மடியில ஆயிரம் இருக்கும். ஒனுக்கு இன்னாத்துக்கு?"

சந்தைக் கூட்டம் அப்படியே எங்கள் வாசலுக்குத் திரும்பியது. அவள் ஊர்க்காரர்களே நாலைந்து பேர் அதில் நின்றார்கள். அவிழ்த்தால் வெல்லம் விழும், திருடி என்ற பெயரோடுதான் ஊருக்குப் போக வேண்டும். அது அந்த வயதில் எனக்கே தெரிந்தது. அவள் புட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மடிமேல் கட்டிக்கொண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவுக்க மாட்டேன். போலீசக் கூப்புடு, ஒன் சைகோன் தொரையக் கூப்புடு. தொட்டுப் பாரு, கை இருக்காது."

"எங்க இருந்து வந்துச்சின்னு சொல்லு, வுட்டுர்றேன்."

"சொல்ல மாட்டேன்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "கண்ணு! கண்ணாடியில பாத்துக்கினுதான இருந்த? கூடையிலேருந்து யாரு எடுத்தது?"

என் வேலையே அதுதானே! பள்ளியில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பதுபோல முக்காலியிலிருந்து எழுந்து நின்றேன். இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். கண்ணாடியின் ஓரத்தில் திரை விலகும், இரண்டு பச்சை வளையல் போட்ட கை ஒன்று வரும், வெல்லத்தை எடுத்துக்கொண்டு போகும். அது வெளியே இருந்து வருகிற கை இல்லை, அதனால் நான் சொல்லவில்லை. அத்தனை வெல்லம் உள்ளே போயும் வீட்டில் ஒரு நாள்கூடப் பாயசம் வரவில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

"அம்மாதான்" என்றேன், கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

அப்பா கல்லாப்பெட்டியையே பார்த்தார். திரை விலகியது. இந்தத் தடவை கை மட்டும் வரவில்லை. அம்மா முழுதாக வந்தாள், கடைக்குள், சந்தைக் கூட்டத்துக்கு முன்னால்.

"எடுத்தது நான்தான். சந்துப் பக்கம் வந்து தண்ணி கேட்டவளுங்க புள்ளைங்களுக்குக் குடுத்ததும் நான்தான். இப்ப இன்னா?"

"அண்ணி, நம்ம கடையில நாமளே திருடலாமா?" சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"என் வூட்டுல இருந்து நான் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டா? அப்ப உங்க கொழம்புல உப்பு போட்டேனே தம்பி, அதுவும் திருட்டுதான். போயி போலீசுல சொல்லுங்க!" கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா நிறுத்தவில்லை. "பத்து கல்லு தாண்டி இந்த ஜனம் உங்க சேவல மோந்து பாக்கவா வருதுன்னு நெனச்சீங்க?"

கூடையிலிருந்து இன்னும் ஓர் அச்சு வெல்லத்தை எடுத்தாள். படிக்கு இறங்கிப் போய், உட்கார்ந்திருந்தவளின் கைகளை விலக்கி, அதையும் மடிக்குள் வைத்து, எல்லோரும் பார்க்கத் தானே முடிச்சை இறுக்கினாள். பிறகு திரைக்குள் போய்விட்டாள். சித்தப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர்தான் தெரிந்தார்.

மறுநாள் வெல்லக் கூடையைக் கல்லாப் பக்கம் நகர்த்தலாம் என்று அவர் சொன்னார். எதற்கும் மறுப்புச் சொல்லாத அப்பா, "இருக்கட்டும், அங்கதான் எறும்பு வராது" என்றார். பச்சை வளையல் கை பிறகும் வந்தது, திரையை நன்றாகவே விலக்கிக்கொண்டு.

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. அன்றைக்கு ஓர் அப்பாவியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் மிதந்துகொண்டிருந்தேன். மங்கலத்தக்கா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று படிவரை ஓடினேன். அவள் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி துளியும் இல்லை, கோபம்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருந்துருக்கக் கூடாதா பாப்பா?" என்றாள். "நான் ஜெயிச்சிருப்பேன்."

மடியில் வெல்லத்தை வைத்துக்கொண்டு, வாயில் அம்மாவின் பெயரை அடக்கிக்கொண்டு, சந்தையே பார்க்க அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவள் எதை ஜெயித்திருப்பாள் என்று, முக்காலியில் ஏறி நின்று கண்ணாடியில் எவ்வளவு நேரம் தேடியும், அந்த ஒன்பது வயது சுர்வெயானுக்குத் தெரியவே இல்லை.