எண்ணிக்கையில் விட்டுப்போன லாக்கர்
எழுபதுகளில் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட் ஆபீஸுக்கு, ஆளுக்கொரு லாக்கர் வைத்த இரும்பு அலமாரியை வரைந்து கொடுத்தவன் நான். யார் எதை வைப்பார்கள் என்று கேட்டுக் கேட்டு அளவெடுத்தேன். ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் அக்காவும் தன் தூக்குச்சட்டியையும் குடையையும் நீட்டினார். மானேஜர் தந்த பட்டியலில் அவர் இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல் அளந்து குறித்துக்கொண்டேன்.

அலமாரி வந்து இறங்கிய அன்று, அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி ஒவ்வொரு கதவாகப் பார்த்தார்.

"எனக்குள்ளது எது சார்?"

"அடுத்த லோடுல வருதுக்கா" என்று பொய் சொன்னேன்.

"மெதுவா வரட்டும் சார். இந்த மழையில வண்டி மலை ஏறணும்ல?" என்று எனக்காகவே பரிந்து பேசினார்.

பிறகு அந்த எஸ்டேட்டில் வேலை வந்தபோதெல்லாம் வேறு ஆளை அனுப்பினேன். அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.