வலிக்காத கால்

பேருந்துப் பணிமனையின் கால்பந்து அணியில் அவனை எல்லோரும் இஞ்சின் என்றுதான் கூப்பிட்டார்கள். வலது ஓரமாகப் பந்தோடு கிளம்பினால் நிற்க மாட்டான். வேலை கிடைத்ததும் அந்த ஓட்டத்தால்தான். காலையில் உதிரிபாகக் கிடங்கில் பெல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுப்பான். மதியத்துக்கு மேல் மைதானம்.

இருபத்தேழு வயதில் தொடையிடுக்கில் வலி வந்தது. முதலில் பந்தை உதைக்கும்போது மட்டும். பிறகு தும்மினால், இருமினால், படுக்கையில் புரண்டால்கூட உயிர் போயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, ஸ்கேனிலும் தெரியவில்லை. வலித்த இடம் அப்படி. உடை மாற்றும் அறையில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் வந்த வலிதானே? வீட்டுல விசாரிச்சா தெரிஞ்சுடும்" என்பார்கள்.

பயிற்சியாளர் சிரிக்கக்கூட இல்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னா கால்ல ஒண்ணுமில்ல. கோளாறு மேல" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

ஊசி போட்டுக்கொண்டு நாலு வருஷம் ஆடினான். சொதப்பிய ஆட்டமெல்லாம் வலியின் தலையில் விழுந்தது. "இந்த வலி மட்டும் இல்லேன்னா என்னைப் பிடிக்க ஆளே கிடையாது" என்று மனைவியிடம் சொல்லுவான்.

கடைசியில் விளையாட்டுக்காரர்களுக்கே வைத்தியம் பார்க்கும் ஓர் அறுவை மருத்துவரிடம் போனான். அவர் அவனைப் படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தன் கைமுட்டியை வைத்து, நெருக்கச் சொன்னார். அலறிவிட்டான்.

"அடிவயித்துத் தசை இடுப்பெலும்பைப் பிடிக்கிற இடத்துல கிழிஞ்சிருக்கு. தொடைத் தசை அதைக் கீழ இழுத்துக்கிட்டே இருக்கு. எப்படிய்யா இவ்வளவு நாள் ஓடினே?"

அத்தனை வருஷத்தில் அவனை நம்பிய முதல் ஆள் அவர்தான். இஞ்சின் குழந்தை மாதிரி அழுதான்.

கிழிந்ததைத் தைத்து, இழுத்துக்கொண்டிருந்த தசைநாரைத் தளர்த்திவிட்டார். சில மாதங்களில் இஞ்சின் மைதானத்தில் இறங்கினான். ஓடினான், உதைத்தான், சறுக்கி விழுந்து எழுந்தான். எங்கேயும் சுருக்கென்று ஒரு வலி இல்லை. ஆனால் பந்தருகே ஒவ்வொரு தடவையும் எதிரணிக்காரன்தான் முன்னால் நின்றான். இடைவேளையில் பயிற்சியாளர் கேட்டார்.

"இப்போ எங்கடா வலிக்குது?"

"எங்கயும் இல்ல சார்."

"அப்போ நீ இவ்வளவுதான். உக்காரு."

அவன் இடத்தில் புதுப் பையன் குருவி இறங்கினான். ஒல்லி உடம்பு, இருபது வயது. காற்று மாதிரி ஓடினான்.

அதற்குப் பிறகுதான் இஞ்சின் நொண்ட ஆரம்பித்தான். முதலில் பயிற்சியாளர் பார்க்கும்போது மட்டும். பிறகு கிடங்கில், டீக்கடையில். "எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன், கத்தி வெச்சுக் கெடுத்துட்டாங்களே" என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். கேட்க இதமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக நடப்பான்.

"தெருவுக்கு ஒரு காலு, வீட்டுக்கு ஒரு காலா?" என்றாள் மனைவி.

"வாயை மூடு."

ஒருநாள் குருவி கிடங்குக்கு வந்தான்.

"அண்ணே, எனக்கும் அதே எடத்துல வலி. உங்களுக்குப் பண்ணின டாக்டர்கிட்டதான் போனேன். ஆபரேஷன் பண்ணினா பழையபடி ஆடலாங்கிறாரு. உங்களுக்கும் நல்லா ஆறிடுச்சுன்னு சொல்றாரு. நிஜமாண்ணே?"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். இஞ்சின் குருவியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜையைப் பிடித்தபடி, காலை இழுத்து இழுத்து, அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"என் காலைப் பாத்த பிறகுமா கேக்குறே?"

குருவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே."

"ஊசியைப் போட்டுக்கிட்டு ஆடு. நான் ஆடலையா?"

ஆடினான். அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியில், பந்தை உதைக்கக் காலை வீசிய குருவி அப்படியே சுருண்டு விழுந்தான். தசைநார் எலும்பையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு பிய்ந்துவிட்டது. அதே மருத்துவர்தான் தைத்தார். நடக்கலாம், போட்டியில் ஓடுவதை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் மனைவி. "நேரா நடந்து போங்க."

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க நேராகத்தான் நடந்தான். அறைக் கதவில் கை வைத்தபோதுகூட நேராகத்தான் நின்றான். உள்ளே குருவியின் அம்மா திரும்பிப் பார்த்ததும் கால் தானாக இழுத்தது.

அவள் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "நீ உக்காருப்பா. உனக்கும் கால் முடியலையே."

"அப்பவே பண்ணியிருந்தா ஆடியிருக்கலாமாம்ணே" என்றான் குருவி, கூரையைப் பார்த்தபடி. "நீங்க என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு நடந்ததைத்தானே சொன்னீங்க."

இஞ்சின் உட்கார்ந்து, காலை நீட்டித் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் நொண்டினான்.