உத்தரவு இளவரசி

பூதத்துக்குப் பல் உண்டா, அது எத்தனை மணிக்குத் தூங்கும், அதற்கு அம்மா யார்? இதெல்லாம் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஏனென்றால் அந்தப் பூதம் நான்தான்.

என்னைவிட மூன்று வயது மூத்த அக்காதான் என்னைப் பூதமாக்கினாள். தெலுங்கு ஊரான மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டில், அப்பா ஃபாக்டரி பஸ் ஏறிப் போனதும் அவளுடைய ராஜ்ஜியம் ஆரம்பமாகிவிடும். அவள் இளவரசி, நான் அவளுக்குக் கட்டுப்பட்ட நல்ல பூதம். "பூதமே, தண்ணி கொண்டா" என்றால் "உத்தரவு இளவரசி" என்று ஓட வேண்டும். செருப்பைத் தேடுவது, ஜன்னலைச் சாத்துவது, அவள் பங்குப் பாகற்காயைத் தின்று தீர்ப்பது எல்லாம் பூதத்தின் தலையில்தான் விடியும். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கேள்வி கேட்காமல்தான் இருக்க முடியவில்லை.

"பூதம் மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?"

"புகையாப் போயிரும்."

"கைக்கு?" தெருவில் விளையாடப் போய் நான் பொறுக்கி வந்த உருது 'ஏன்' அது. திருநெல்வேலித் தமிழ் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடாத அம்மாவுக்கு அதைக் கேட்டாலே ஆகாது.

"ஏட்டி, பூதம்னா கேள்வி கேக்கப்படாது. வாயப் பொத்து" என்றாள் அக்கா.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், ஃபாக்டரியின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கொண்டாடிய பொங்கல் விழாவில் அக்காவின் ராஜ்ஜியம் மேடை ஏறியது. கதை, வசனம், இளவரசி எல்லாம் அவளே. எனக்குத் தமிழ் படிக்க வராது, பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான். அதனால் என் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதித் தந்தாள். தாள் முழுக்கப் பதினோரு இடத்தில் "உத்தரவு இளவரசி". வேறொரு சொல் கிடையாது. இதற்கு எதற்குத் தாள் என்று கேட்டேன். முறைத்தாள்.

கடைசிக் காட்சியில் இளவரசி, எதிரி நாட்டு உளவாளியைக் கிணற்றில் வீசச் சொல்வாள். உளவாளி, பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பாப்பா. நாலு நாற்காலியைச் சுற்றிக் கறுப்புக் கம்பளி போர்த்தினால் கிணறு, உள்ளே மெத்தை. ஒத்திகையில் பாப்பா சிரித்துக்கொண்டே குதித்தவள்தான். ஆனால் ஒத்திகைக்குக் கம்பளி கிடையாது. விழாவன்று சாயங்காலம் நான் தூக்கிப் பிடித்தபோது உள்ளே இருட்டைப் பார்த்ததும் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். என் பஞ்சு மீசை பாதி அவள் வாயில். "என்னைப் போடாதக்கா" என்று காதோரம் அழுதாள்.

"பூதமே, வீசு அவளை!" அக்கா கையை நீட்டினாள்.

வீசாவிட்டால் அக்கா ஒரு மாசமாக உட்கார்ந்து எழுதிய நாடகம் போச்சு. வீசினால் இந்தப் பாப்பா என்ன ஆவாள்?

"வீசுன்னேன்!"

"நக்கோ அக்கா, வேண்டாம். பாப்பா பயப்படுறா."

பூதம் இளவரசியை அக்கா என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. புகையின் அறிகுறியே இல்லை. ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் இதைச் சோதித்துப் பார்க்காமல் இருந்தேனே என்று என்மேலேயே கோபமும் வந்தது.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் தோலை உரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கத்தில் வந்தாள். கிரீடம் காதுவரை சரிந்திருந்தது. அடுத்த வசனம் அவளிடமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"சரி, இப்ப என்னட்டி செய்ய?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதுவரை அக்கா என்னிடம் எதையுமே கேட்டதில்லை. பாப்பாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தேன். நான் யோசித்து முடிக்கும்வரை, அத்தனை பேர் முன்னால், இளவரசி வாயைத் திறக்காமல் நின்றாள்.