கண்ணீர் அஞ்சலிக்கு உருண்டை எழுத்து

இறந்தவர் பெயரை உருண்டை எழுத்தில் போட்டால் கடைக்காரனுக்கு அடி விழும் என்று உறுதியாக நம்பியவன் நான். பெரம்பலூரில் பிளக்ஸ் கடை வைத்த நாளிலிருந்து அதுதான் எனக்கு வேதம். அந்த எழுத்தில் எங்கும் கூர் கிடையாது. கோடு முழுக்க ஒரே தடிமன். முனையெல்லாம் தேய்ந்த சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். சுழிகள் வளையலை வைத்து வரைந்த மாதிரி முழு வட்டம். ட-வின் மூலைகூட வளைந்து கொடுக்கும். ஐஸ்கிரீம் கடை, மழலையர் பள்ளி, பல் டாக்டர் போர்டு, காதணி விழா, அத்தோடு அதன் வேலை முடிந்தது. சாவுக்கு வேறு எழுத்து: தடித்தும் மெலிந்தும் கூராக இறங்கும், பின்னால் நிழல் விழும்.

பெரியப்பாவின் மனைவி, என் பெரியம்மா, அரும்பாவூரில் இறந்துபோனார். சிரிக்கவைத்தால் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். என் கோணங்கித்தனத்துக்கு இருந்த ஒரே ரசிகை. செய்தி வந்ததும் பேனர் போட நானே உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை. கடைசியாகச் செய்த பைலைத் திறந்து படத்தையும் வார்த்தையையும் மாற்றுவதுதான் வழக்கம். அன்றைக்குக் கடைசி பைல் ஒரு காதணி விழா. ரோஸ் நிறத்தைக் கறுப்பாக்கினேன், பலூன்களை அழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே செய்ததில் எழுத்தை மாற்ற மறந்துபோனேன்.

பேனரை முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன். பந்தலுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், என்னை ஓரமாக இழுத்தான்.

"ஏன்டா, எங்கம்மாவுக்குக் காதா குத்துறோம்?"

நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மாவின் பெயர் உருண்டை எழுத்தில் இருந்தது. சொந்தக்காரர்களில் யார் முதலில் கை வைப்பார்கள் என்று மனம் வரிசைப்படுத்தத் தொடங்கியது. அத்தை மகன்தான், அவன் செருப்புதான் பெரியது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். முடிச்சு அவிழவில்லை. நான் இழுத்த இழுப்பில் நாற்காலி மேளத்தோடு சேர்ந்து தாளம் போட்டது.

பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா குரல் கொடுத்தார்.

"டேய், அத ஏன்டா அவுக்குற?"

"எழுத்து சரியில்ல பெரியப்பா. வேற அடிச்சுக் கொண்டாந்துடறேன்."

"கண்ணாடிய ஆஸ்பத்திரியிலயே வுட்டுட்டு வந்துட்டேன்டா. வர்றவன் போறவன் மூஞ்சி ஒண்ணும் தெரியல. அவ போட்டோகூட கலங்கலாத்தான் இருக்கு. பேரு மட்டும் படிக்க முடியுது. வுடு, இருக்கட்டும்."

அண்ணன் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "இறுக்கிக் கட்டுடா," என்றான்.

ஒரே தடிமனான கோடு எங்கும் மெலிந்து மறைவதில்லை. வட்டமான சுழிக்குள் இடம் அதிகம், மங்கலான கண்ணிலும் அடைத்துக்கொள்ளாது. இதையெல்லாம் யோசித்துத்தான் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள இன்றும் ஆசைதான். யோசிக்கவில்லை. எழுத்தை மாற்ற மறந்தேன். சாயங்காலம் பெரியம்மாவை எடுக்கும்வரை பெரியப்பா அந்தப் பெயரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.