பையன் இருந்த ஃபோல்டர்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற அவளை எல்லோரும் 'வலிக்காத அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய ஒரே பையன் ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனான். அவனுடைய படங்களும் வீடியோக்களும் அவள் போனில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

போன் அடிக்கடி உறைந்து நிற்கத் தொடங்கியதும் பயந்துபோனாள். படங்களைச் சேமித்துவைக்கும் ஆன்லைன் சேவைகளை ஒவ்வொன்றாக அலசினாள். இலவசம் என்று ஆசை காட்டியவர்களை ஒதுக்கினாள். தரத்தைக் குறைக்காமல், ஒவ்வொரு படத்துக்கும் பல இடங்களில் பிரதி வைக்கிற ஒன்றைச் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்தாள். கிரெடிட் கார்டு கணவனிடம் இருந்ததால் கணக்கு அவன் பெயரில். எல்லாம் ஏறியதும் போனில் இருந்த படங்களை அழித்துவிட்டாள்.

அடுத்த வருடம் கணவன் பிரிந்து போனான். "படமெல்லாம் அங்கயே இருக்கட்டும். நீ எப்ப வேணா பாத்துக்க" என்றான். நம்பினாள்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் பையன் பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தாள். மாப்பிள்ளைக் கோலத்தில் கணவன் நின்றான், பக்கத்தில் புதுப்பெண். தள்ளத் தள்ள அதே கல்யாணம்தான். உடனே அவனை அழைத்தாள்.

"என் புள்ள எங்க?"

"கத்தாத. இடம் பத்தல. பழசைத் தூக்கிட்டேன்."

"டிராஷ்ல இருக்கும்ல? அதுலேருந்து எடு, உன் கால்ல விழறேன்."

"அதையும் காலி பண்ணாத்தானே இடம் வருது! போனவனையே எத்தனை நாளைக்குப் பாத்துட்டு இருப்ப? நானும் வாழணும்ல?"

நிறுவனத்துக்கு எழுதினாள். மிக மரியாதையாகப் பதில் வந்தது: கணக்கின் உரிமையாளர் அழித்தால் எல்லாப் பிரதிகளும் அழிந்துவிடும், அவள் உரிமையாளர் அல்ல.

முன்பு அனுப்பிய படங்கள் இருக்கின்றனவா என்று நாத்தனாரிடம் கேட்டாள். "பாத்தாலே அழுகையா வருதுன்னு அழிச்சுட்டேன் அண்ணி. உங்ககிட்டதான் எல்லாம் இருக்கேன்னு நெனச்சேன்."

சாயங்காலம் அந்த ஃபோல்டரும் அவள் போனிலிருந்து மறைந்தது. 'எங்க கல்யாணப் படத்தை நீ பாக்கறது அவளுக்குச் சங்கடமா இருக்காம். தப்பா நினைக்காத' என்று கணவனிடமிருந்து ஒரு செய்தி.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது, பையனுக்குக் கடைசியாக விழுந்த முன்பல் இடதா வலதா என்று யோசித்தாள். நினைவில் வரவில்லை. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே அச்சுப்படத்தில் அவன் கைக்குழந்தை; பல்லே முளைக்கவில்லை. வெட்கத்தை விட்டு, கேட்டுவிடலாம் என்று கணவனை அழைத்தாள்.

அவள் எண்ணை அவன் பிளாக் செய்திருந்தான்.